ஆரிகனிலிருந்து வந்த பெட்டி

“என் காசு, என் துப்பாக்கி. அதைத் தர மாட்டேன்னு சொல்ல நீ யாரு?” என்று மேஜையில் குத்தினான் வேட்.

லவெர்ன் அசரவில்லை. டென்னசியில் இருபது வருடமாகத் துப்பாக்கிக் கடை நடத்துபவள். வேட் இணையத்தில் ஆரிகன்காரர் ஒருவரிடம் பழைய கைத்துப்பாக்கி வாங்கியிருந்தான். வெளிமாநிலச் சரக்கு என்பதால் அது அவள் கடைக்கு வந்திருந்தது. வாங்குபவனின் போலீஸ் பதிவைச் சரிபார்த்த பிறகே கைமாற்றலாம்.

“பதில் வந்துடுச்சு. உனக்குத் தரக்கூடாதாம்.”

“ஏனாம்?”

“எனக்குச் சொல்ல மாட்டாங்க. உனக்குத்தான் தெரியும்.”

“மூணு நாள் இழுத்தடிச்சுட்டு இப்ப இல்லைங்கறியா? நீயெல்லாம் ஒரு வியாபாரியா?”

“கத்தாதய்யா. திருப்பி அனுப்பிடறேன்.”

வேட்டின் குரல் தணிந்தது. “துப்பாக்கி போகட்டும். அது வந்த அட்டைப்பெட்டியையாவது குடு.”

“வெறும் பெட்டி எதுக்கு?”

“சும்மாதான்.”

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் முகவரியை லவெர்ன் ஒருமுறை பார்த்தாள். “பெட்டியும் கிடையாது. வெளியே போ.”

அவன் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு ஆரிகனுக்குப் போன் செய்தாள்.

“துப்பாக்கியை வாங்கினவன் உங்ககிட்ட வேற பேரு சொல்லியிருக்கான். அடையாள அட்டையில வேட் ஹக்கபின்னு இருக்கு.”

மறுமுனையில் துப்பாக்கியை விற்ற பெண் பதறினாள். “அவர் என் புருஷன். அது அவரோட துப்பாக்கிதான். அடி தாங்காம ஓடி வந்தப்ப எடுத்துட்டு வந்தேன். விக்கறதுக்கு இணையத்துல நான் போட்ட படத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்காரு. என் அட்ரஸ் தெரிஞ்சிடுச்சா?”

“இல்லம்மா. பெட்டியை அடுப்புல போட்டுட்டேன். துப்பாக்கியை வேற பெட்டியில அனுப்பறேன். இனி அதை விக்காதே.”