பின்னறைக் கதவு

“இந்த வீடு வேண்டாம்னு தோணுது சார்,” என்றாள் டீச்சர், கைப்பையை மடியிலிருந்து இறக்காமலே.

வீட்டை விற்கிற அச்சகக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாளைக் காலையில் பத்திரப் பதிவு. சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி ஹாலில் அடுக்கியாயிற்று. இந்த நேரத்தில் வந்து இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டால் மனுஷன் என்ன செய்வார்?

“என்னம்மா குறை? சொன்னா சரி பண்ணிடலாம்.”

“பக்கத்து வீடு ரொம்ப ஒட்டி இருக்கு. அதான் யோசனை,” என்றார் டீச்சரின் கணவர். “இவளுக்குச் சத்தத்துல பயம்.”

“ஐயோ, அவங்க இருக்கற இடமே தெரியாது சார்! ஒரு சத்தம் இந்தப் பக்கம் வராது.”

“நம்ம சத்தம் அந்தப் பக்கம் போகுமா?” என்றாள் டீச்சர்.

அச்சகக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். சண்டைக்கோழி ஜோடி போலிருக்கிறது. எந்த வீட்டில்தான் இல்லை? “இடி விழுந்தாலும் போகாதும்மா. சுவர் அவ்வளவு கனம்,” என்றார்.

வாசலில் நின்ற காரின் பின்சீட்டில் டீச்சரின் மாமியார் உட்கார்ந்திருந்தார். மூடிய கண்ணாடியை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார், காற்று வேண்டுமோ என்னவோ.

“அம்மாவையும் உள்ள கூப்பிடுங்களேன். வீட்டப் பாக்கட்டும்.”

“இறக்கினா திரும்ப ஏத்தறது பெரிய பாடு சார்,” என்றார் கணவர். முட்டிவலியாக இருக்கும் என்று அச்சகக்காரர் அதோடு விட்டுவிட்டார்.

டீச்சர் எழுந்து இன்னொரு முறை வீட்டைச் சுற்றினாள். எந்த அறையில் அவள் நிற்கக் கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டாரோ, அதே பின்னறையில் போய் நின்றாள்.

“இந்தக் கதவுக்கு மட்டும் உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே?”

அச்சகக்காரர் கதவருகே வந்தார். வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்டும் அடித்திருந்தார். உள்பக்கம் ஒன்று இல்லாததை மறைக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

டீச்சரின் விரல் கதவின் வெளிப்பக்கம் தடவிப் பார்த்து, பட்டி வைத்த இடத்தில் சரியாக நின்றது.

“வெளிய தாழ்ப்பாள் இருந்திருக்கு. உள்ள யார் இருந்தாங்க?”

நாய் வளர்த்தோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வரவில்லை.

“எங்கம்மா,” என்றார். “ஞாபகம் தப்பிப் போச்சு. கதவத் திறந்தா தெருவுக்கு ஓடிடுவாங்க. வேற வழி தெரியாம அடைச்சு வச்சேன். விடிய விடியத் தட்டிட்டே இருப்பாங்க. கடைசியில தட்டறதையும் விட்டுட்டாங்க.”

சொல்லிவிட்டு அழுதார். அந்தத் தட்டல் இன்னும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்காகத்தான் வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு ஓடப் பார்த்தார். இனி அதுவும் நடக்காது. பெற்ற தாயை அடைத்து வைத்த வீட்டில் எந்தப் பெண் குடிவருவாள்?

“பக்கத்து வீட்ல ஒருத்தர் காதுலயுமா விழல?”

அந்தக் கேள்வியை அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். “விழலம்மா. விழுந்திருந்தா யாராவது வந்து நாலு வார்த்தை கேட்டிருப்பாங்க. நானும் கதவத் திறந்து விட்டிருப்பேன்.”

டீச்சர் கணவரைப் பார்த்தாள். கணவர் மெல்லத் தலையாட்டினார்.

“சரி சார். நாளைக்குக் காலைல ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துடுங்க, முடிச்சுடலாம்,” என்றார்.

அச்சகக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் கேட்ட பிறகும் மன்னிக்கிற மனசு இந்தக் காலத்தில் யாருக்கு வரும்? இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டீச்சர் திரும்பினாள்.

“கழட்டின அந்தத் தாழ்ப்பாள் எங்க இருக்கு சார்?”