நாலு கால் பரண்

கரைத்தீவில் எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் காட்டிலிருந்து மான்கள் இறங்கும். போன வருடம்வரை, என்னை ‘நானா’ என்று கூப்பிடும் என் தம்பி நுஸ்கிதான் பாலை மரத்துப் பரணில் காவல் இருந்தான். கொப்பு முறிந்து விழுந்து, உயிர் போய் மவுத்தாகிவிட்டான். அதனால் இந்தமுறை எந்த மரத்தையும் நம்பாமல், நான்கு கால் நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, தனியாக நிற்கும் பரண் கட்டினேன்.

அந்தியில், மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி ஆணியை அடித்துவிட்டு இறங்கினேன். என் மனைவி நஸீஹா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மறுபடி ஏற ஏணியைப் பிடித்தேன்.

மேலே இருப்பவன் மிருகமென்று நினைத்துக் கல்லெறியாமல் இருக்க, கீழே வருகிறவர் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவது எங்கள் வழக்கம். பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

“வஅலைக்கும் ஸலாம், நானா” என்று மேலேயிருந்து பதில் வந்தது.

நஸீஹா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

“கால் ஆடுதாடா?” என்று கேட்டேன்.

“இல்ல நானா. இது நல்லா நிக்கிது.”

“அப்ப மெல்ல எறங்குங்க, தம்பி” என்றாள் நஸீஹா.

நன்றாக இருட்டும்வரை நாங்கள் இருவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.