ஆமென்

ஜூரிக்கு ஆள் எடுக்க நாற்பது பேரை உள்ளே அனுப்பினார்கள். எர்னெஸ்டின் ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

ஒரே ஒரு கறுப்பு முகம். பச்சைக் கோட்டு, அறுபது வயது இருக்கும். முன்பின் பார்த்ததில்லை.

அந்த மிசிசிப்பி ஊரில் பாதிப்பேர் கறுப்பர்கள். ஆனால் ஜூரி அழைப்பு, வாடகை வீடு மாறியவர்களைத் தேடிப் போவதில்லை. சிறைக்குப் போய் வந்த பலருக்கு வருவதே இல்லை.

அந்த ஒருத்தி ஜூரியில் உட்கார்ந்தால் போதும். தோற்றால் மகன் டெமாரியோவுக்கு ஆயுள் முழுக்கச் சிறை. அவனைப் பார்த்ததும் பயப்படாத ஒருத்தியாவது வேண்டும்.

முன் பெஞ்சுகள் நிரம்பின. பச்சைக் கோட்டு, கடைசி பெஞ்சிலிருந்த எர்னெஸ்டினுக்கு நேர் முன்னால் உட்கார்ந்தது.

குடும்பத்தார் வாயைத் திறந்தால் வழக்கு முடியும்வரை உள்ளே விடமாட்டேன் என்று நீதிபதி காலையிலேயே சொல்லியிருந்தார்.

பாரபட்சமில்லாமல் இருக்க முடியுமா என்று பச்சைக் கோட்டைக் கேட்டார்கள்.

"முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான், ஐயா. எந்தப் பிள்ள கத்தினாலும் எனக்கு ஒண்ணுதான்."

அறையே சிரித்தது. நீதிபதிகூட.

நீதிபதிக்குப் பிரசங்கியின் குரல். "இங்கே உட்கார்ந்திருக்கும் இந்த இளைஞன், இந்த நிமிடம், குற்றமற்றவன்" என்று சொல்லி நிறுத்தினார்.

கறுப்பர்களின் தேவாலயத்தில் பிரசங்கி அப்படி நிறுத்தினால் பெஞ்சிலிருந்து பதில் வந்தாக வேண்டும்.

"ஆமென்."

மெல்லிய குரல்தான். அரசு வழக்கறிஞர் நிமிர்ந்தார். முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். பச்சைக் கோட்டு மட்டும் திரும்பவில்லை.

பச்சைக் கோட்டை நீதிபதியின் மேடைக்கு அழைத்தார்கள். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்கள். அவள் தலையாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கடைசி பெஞ்சைக் கடக்கையில் எர்னெஸ்டினின் தோளை விரல்நுனியால் தொட்டுவிட்டுப் போனாள்.

மதியத்துக்குள் பன்னிரண்டு பேரும் அமர்ந்துவிட்டார்கள். உறுதிமொழிக்காக உயர்ந்த கைகள் பன்னிரண்டும் வெள்ளை.

டெமாரியோவுக்கு அரசு கொடுத்த வக்கீல் எர்னெஸ்டினிடம் வந்து குனிந்தார். சின்னப் பையன் மாதிரி முகம் வாடியிருந்தது.

"அந்த பஸ்காரம்மா போயிட்டாங்களேம்மா. 'ஆமென் சொன்னது நீயா'ன்னு ஜட்ஜ் கேட்டார். 'நான்தான் ஐயா, சர்ச் பழக்கம்'னுட்டாங்க. அவங்கள நீக்க பிராசிக்யூட்டருக்கு அது போதாதா? நான் ஆட்சேபிச்சேன், எடுபடல. ஏம்மா ஒத்துக்கிட்டீங்கன்னு கேட்டா சிரிக்கிறாங்க. 'என்னை எப்படியும் வெச்சுக்கப் போறதில்ல, தம்பி. உள்ள இருக்கவேண்டியவங்க இருக்கட்டும்'கிறாங்க."



முன்னால் டெமாரியோ திரும்பிப் பார்த்தான். அம்மா இருந்தாள்.

காலையில் 'ஆமென்' என்றதும் வாயைப் பொத்திய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.