இரண்டு டிகிரி நிழல்

"மரத்துல கை வச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சார்!"

வானிலை நிலையத்தின் பதிவாளர் அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஊரே வெந்துகொண்டிருக்க, வெப்பமானி இருக்கும் வெள்ளைப் பெட்டி மட்டும் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிழலில் சுகமாக நின்றது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பக்கத்து ஸ்கூல் மைதானத்துல இதே மாதிரி பெட்டி வச்சு ஒரு வாரம் பாத்தேன். தினமும் மத்தியானம் அது ரெண்டு டிகிரி கூட காட்டுது. இங்க நிழல் வேற, நீங்க குடம் குடமா ஊத்தற தண்ணி வேற."

"அப்ப பெட்டியை அங்கேயே மாத்துங்க."

"அது அவங்க இடம். ஒரு வாரத்துக்குத்தான் குடுத்தாங்க."

அவள் குரல் உடைந்தது. "நான் வெயில்ல நின்னு குறிக்கறேனேன்னு மனசு கேக்காம என் வீட்டுக்காரர் வச்ச கன்னு சார் இது. போன வருஷம் அவரும் போயிட்டாரு. எனக்குன்னு மிச்சம் இது ஒண்ணுதான். ரெண்டே ரெண்டு டிகிரி! அதுல என்ன குடியா முழுகிடும்?"

"நாப்பது தொட்டா ஊர்ல வெளிவேலையை நிறுத்தணும்னு உத்தரவு இருக்கேம்மா. அந்தக் கணக்கு இங்கேருந்துதானே போகுது?"

அது அவளுக்குத் தெரியாததா? மத்தியானம் மேஸ்திரிகள் போன் செய்வதும், அவள் பெட்டியைப் பார்த்துச் சொல்வதும் பத்து வருடப் பழக்கம். பெட்டி பொய் சொல்லாது என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு.

சட்டென்று ஏதோ பொறி தட்டியது. உள்ளே போய்ப் போன வருடத்துப் பதிவேட்டை எடுத்து வந்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. முப்பத்தொன்பது.

"அன்னிக்கு மைதானத்துல எவ்வளவு சார் இருந்திருக்கும்?"

"நாப்பத்தொண்ணு இருக்கும். ஏம்மா?"

அவள் பதிவேட்டை மூடினாள். பின்பக்கக் கொட்டகைக்குப் போய்க் கோடரியைக் கொண்டுவந்து ஆய்வாளர் கையில் கொடுத்தாள்.

முப்பத்தொன்பது என்று குறித்த அன்று, தார் ரோடு போடும் இடத்திலிருந்து கூப்பிட்ட மேஸ்திரியிடம், "முப்பத்தொம்பதுதான், வேலை பாக்கலாம்" என்று சொன்னவள் அவள். அரை மணி நேரத்தில் அந்த ரோட்டிலேயே சுருண்டு விழுந்து உயிரை விட்டவர், இந்த மரத்தை வைத்தவர்.