ஓஸ்மோன் பெயரில் ஒரு ஃபோல்டர்

பனியாற்று ஆய்வு நிலையத்தின் ஒற்றைச் சன்னல் வழியே வரும் மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து எழுத்துகளை மங்கலாக்குகிறது. கன்யகேய் உள்ளங்கையால் நிழல் பிடித்துக்கொண்டு மறுபடி படிக்கிறாள். நேற்று இயங்குதளத்தைப் புதுப்பித்ததிலிருந்து, உருகும் நீரைக் கணக்கிடும் மென்பொருள் இயங்கவே மாட்டேன் என்கிறது. ஏரி எவ்வளவு ஏறும் என்று மாலைக்குள் கீழ்ப்பள்ளத்தாக்கு ஊர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வெளியே பனிப்பாளம் ஒன்று முனகி உடைகிறது. மேசைமேல் சாய்த்துவைத்த கைபேசியில், பிஷ்கேக்கிலிருந்து கணினிக்காரன் மெலிஸ் எதையோ மென்றுகொண்டே பேசுகிறான். "யாருக்கா இந்த ஓஸ்மோன்? எல்லாத்தையும் அவரு ஃபோல்டர்லயே போய்த் தேடுது. பழைய ஆளுங்க கணக்கை நேத்து அழிச்சீங்களே, அதோட அவரும் போயிட்டாரு." "இதை எழுதினவரு. என் வீட்டுக்காரரு. மாஸ்கோ போனவரு, போனவருதான்." மெல்லும் சத்தம் நிற்கிறது. "சரிக்கா... அவரு பேர்லயே ஒரு ஃபோல்டர் போட்டு, எடுத்துவச்ச பழைய ஃபைலை உள்ள வைங்க. ஆளு வேணாம், பேரு இருந்தாப் போதும் அதுக்கு." "குடுத்துவச்ச மெஷின்டா," என்கிறாள். அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறாள். சிறிது நேரம் எதுவுமில்லை. பிறகு எண்கள் மளமளவென்று ஓடத் தொடங்குகின்றன. அவள் எழுந்து தேநீர்க் கோப்பையை எடுக்கிறாள். ஓஸ்மோன் இருந்தவரை அவருக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றுவாள். இந்த ஊர் வழக்கத்தில் தீரத் தீர ஊற்றுவதுதான் மரியாதை, நிறைய ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். இப்போது தன் கோப்பையில் விளிம்புவரை ஊற்றிக்கொள்கிறாள்.