வெளுத்த மோதிரம்

கையுறையைக் கழற்றியதும் அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மோதிரம் வெள்ளையாக இருந்தது.

நேற்று நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டபோது மாதேஷ் போட்டுவிட்ட தங்க மோதிரம். காலையில்கூட மஞ்சளாகத்தான் மின்னியது.

கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. அது போதும். தங்கத்தைக் கண்டால் பாதரசம் விடாது, ஒட்டிக்கொள்ளும்.

ஆலைக் கழிவு மண்ணை உலையில் சுட்டு, அதிலிருக்கும் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் இடம் இது. தங்கம் வாசலைத் தாண்டக் கூடாது. தினமும் காலையில் காது, கழுத்து, விரல் என்று ஒவ்வொருவரையும் பார்த்து உள்ளே விடுவது அவள்தான். மூக்குத்தியோடு வந்தவர்களை என்ன திட்டு திட்டியிருக்கிறாள்!

அவளைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

நாளை மாலை மாதேஷின் அம்மா கல்யாணப் புடவை எடுக்க அழைத்துப்போக வருகிறார். முதலில் விரலைத்தான் பார்ப்பார். போட்டு இரண்டே நாளில் இப்படியா என்பார். நினைக்கவே அழுகை வந்தது.

உலைக்குள் போகவிருந்த மண் தட்டு எதிரில் இருந்தது.

மண்ணிலிருந்து பாதரசத்தை விரட்டுகிற சூடு, மோதிரத்திலிருந்து விரட்டாதா?

அழுகை பாதியில் நின்றது.

தட்டின் ஓரத்தில் மோதிரத்தை வைத்தாள். உள்ளே தள்ளிக் கதவை இறுக்கினாள். ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து, ஜாடியில் துளித்துளியாக விழும். அதில் ஒரு துளி அவளுடையது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஆறிய உலையைத் திறந்தாள்.

மஞ்சள்!

பளபளப்பு போயிருந்தது. தொட்டால் சொரசொரத்தது. ஆனால் தங்கம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உலை முன்னாலேயே ஒரு சுற்று ஆடியும் விட்டாள்.

பின்னால் யாரோ செருமினார்கள்.

மாதேஷ். மண் தட்டுகளை நிரப்புகிறவன். இவ்வளவு சீக்கிரம் அவன் வேலைக்கு வந்ததே இல்லை. வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

“நேத்து எல்லாரையும் சோதிச்சீங்க மேடம். என்னை மட்டும் நிமிர்ந்தே பாக்கல.”

உண்மைதான். வாசலில் அவன் முறை வந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டாள். அவ்வளவு வெட்கம்.

“அடுத்த தட்டுல இடம் இருக்குமா?”

பையிலிருந்து கையை எடுத்து நீட்டினான்.

அவள் அவன் விரலில் வெளுத்திருந்த மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவனை.