ஆறடி ஒரு அங்குலம்

"உங்கப்பா எத்தனை அடி உயரம், தங்கச்சி?"

பழைய டீசல் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி ஒகுட்டு வாத்தியார் இப்படிக் கேட்டதும், அவினோவின் கையிலிருந்த வாளி நழுவப் பார்த்தது.

படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனின் உயரத்தை யாராவது கேட்பார்களா? சவப்பெட்டிக்குத்தான் கேட்பார்கள் என்று நகுரு டவுனில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"எதுக்கு வாத்தியாரே?"

"சும்மாதான். ஆறடி இருப்பாரா?"

"ஆறடி ஒரு அங்குலம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

அப்பா ஒகேயோவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். இனி எங்களால் ஆகாது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து கிழவருக்கு ஒரே பாட்டு.

"செத்தா எப்படியும் என்னை ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. ஒரு தடவை உயிரோட கொண்டுபோம்மா. ஏரியைப் பார்த்துட்டுக் கண்ணை மூடறேன்."

ஊர் ஏழு மணி நேரத் தூரம். பஸ்ஸில் உட்கார அவரால் முடியாது. தெருவில் இருப்பது வாத்தியாருடைய வண்டி ஒன்றுதான். அவருடைய கடைசி மகனைவிட அதற்கு வயசு அதிகம். எந்த மெக்கானிக்கையும் அதில் கைவைக்க விடமாட்டார். லீவு நாளென்றால் வண்டிக்கு மேலே இல்லை, அடியில்தான் இருப்பார்.

அவினோ மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் ஒரே பதில்.

"வண்டி இன்னும் சரியாகல தங்கச்சி. பாக்கலாம்."

பாக்கலாமாம். சரியாகாத வண்டியில்தான் போன ஞாயிறு குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போய்வந்தார். மனசில்லை என்றால் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

சனிக்கிழமை காலை, காய் விற்கிற டோரின் ஓடிவந்தாள்.

"விஷயம் தெரியுமா? வாத்தியார் பின் சீட்டையெல்லாம் கழட்டி வெளியே போட்டுட்டாரு. நாடா வெச்சு உள்ள அளந்தாரு. ரெண்டு பக்கமும் நீளமா கம்பி வேற வெச்சுட்டாரு."

"அதுக்கு என்ன இப்போ?"

"என் அண்ணனைப் பெட்டியில வெச்சு ஊருக்குக் கொண்டுபோனோமே, அந்த வண்டியும் அப்படியேதான் இருந்துச்சு. நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

பற்றவைத்துவிட்டு டோரின் போய்விட்டாள். அவினோவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. துடைக்க எடுத்த துணியோடு வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

உள்ளேயிருந்து அப்பா கேட்டார்: "வண்டிச் சத்தம் கேக்குதே. நமக்கா?"

"இல்லப்பா. நீங்க தூங்குங்க."

தெருமுனையில் அந்த வண்டிதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஓட்டியது வாத்தியார் இல்லை, அவர் மனைவி ரிஸ்பா. போன மழையில் பெயர்ந்துபோன ரோட்டில், குழிகளை விட்டு விலகாமல், தேடித் தேடி இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பின்பக்கம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெத்தை. மெத்தைமேல் வாத்தியார் மல்லாந்து படுத்து, கைகளை நெஞ்சில் கோத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். அவினோ நடுரோட்டில் போய் நின்றாள். ரிஸ்பா பதறிப்போய் பிரேக் போட்டாள்.

"எறங்குங்க வாத்தியாரே."

அவர் கண்ணைத் திறந்தார். "தங்கச்சி, கொஞ்சம் பொறு..."

"எங்கப்பா இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்காரு. அதுக்குள்ள அளவெடுத்து, இடம் போட்டு, ஒத்திகை வேற பாக்குறீங்களா? உயிரோட இருக்கறவரைக் கூட்டிட்டுப் போக வண்டி சரியில்ல. பொணமானா மட்டும் சரியாயிடுமா? நீங்களும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறீங்களே, வெக்கமா இல்ல?"

தெருவே வேடிக்கை பார்த்தது. டோரின் தராசைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

ரிஸ்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், அவகிட்ட சொல்லிடுங்கன்னு. சரிவரலைன்னா கிழவர் மனசு உடைஞ்சுபோகும், முடியட்டும் சொல்லலாம்னு என் வாயைக் கட்டிட்டாரு இந்த மனுஷன்."

"என்ன சரிவரலைன்னா?"

வாத்தியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். ஒரு வாரமாக ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வண்டியில் படுத்துக் குழிகளில் குலுங்கிய இடுப்பு நிமிர மறுத்தது. தன் வீட்டுச் சுவரோரம் கையைக் காட்டினார். அங்கே வளைந்த இரும்புப் பட்டைகள் நான்கு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைங்க. மூட்டை ஏத்தற வண்டி பாரு, அவ்வளவு விறைப்பு. ஒண்ணொண்ணா உருவி உருவி, நானே படுத்துப் பாத்தேன். டயர்லயும் காத்தைக் குறைச்சாச்சு. இன்னிக்குத்தான் குழியில விழுந்தும் முதுகுக்குத் தெரியல."

அவினோவுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. "பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு சொகுசு?"

"அதையேதான் நானும் கேக்கறேன் தங்கச்சி. குலுக்கினா பொணத்துக்கு வலிக்குமா? பெட்டி ஏத்தறதா இருந்தா நான் ஒரு பட்டையைக்கூடத் தொட்டிருக்க மாட்டேனே... போ, நாளைக்குக் காலையில கிளம்பறோம்னு உங்கப்பாகிட்டச் சொல்லு."